திரையில் ஓடாத ஆட்டோ

டிரைவிங் ஸ்கூல் காரில் இடதுபக்கம் உட்காருகிறவருக்கு ஸ்டீயரிங் கிடையாது. ஒரு கிளட்ச், ஒரு பிரேக், அவ்வளவுதான். பயிற்சி வண்டியில் இந்த இரட்டைக் கட்டுப்பாடு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். என் பிழைப்பு அந்த இருக்கையில்தான். மாருதி 800-ல் தொடங்கி, ஆல்டோவுக்கு மாறி, இப்போது வேகன்ஆரில் சென்னையின் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வட்டாரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண் மாஸ்டர் இருந்தால்தான் அனுப்புவோம் என்கிற வீடுகள் இன்னும் உண்டு. பெண் மாஸ்டர்தான் வேண்டும் என்று தானே விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள் அதைவிட அதிகம்.

எங்கள் ஸ்கூலில் சிமுலேட்டர் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சீட், ஒரு ஸ்டீயரிங், மூன்று பெடல், இடதுகைப் பக்கம் கியர், எதிரே மூன்று திரை. அதற்கு முன்பே, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங் வாங்கி மாட்டி, ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே கியரை அழகாக மாற்றுவார்கள். ஆற்காடு சாலைக்குள் நுழைந்ததும் தோள் இறுகிவிடும். திரைச் சாலை, நிஜச் சாலை இரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வாய்த்தவள் என்பதால் எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உருவாகியிருக்கிறது. இயந்திரம் கைகாலைப் பழக்கும், பயத்தைக் குறைக்கும்; அந்த இரண்டுக்காகவும் அதை மதிக்கிறேன். ஆனால் நகரத்துப் போக்குவரத்து என்பது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நகரும் மனிதர்கள். அந்தப் பார்வை திரைக்குள் இல்லை.

முதலில் பயத்தைப் பற்றி. நாற்பது, ஐம்பது வயதில் வண்டி கற்க வருகிற பெண்களிடம் நான் கண்ட பயம் சாலையைப் பற்றியது மட்டுமல்ல. ஏற்கெனவே யாரோ ஒருவர், கணவரோ அண்ணனோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் கற்றுக்கொடுக்க முயன்று, வண்டி நாலு தடவை ஆஃப் ஆனதும் கத்தியிருப்பார். அந்தச் சத்தம் காதிலேயே இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். சாவியைத் திருகும்போதே, "மேடம், ஆஃப் ஆனா திட்டாதீங்க" என்றார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். அவரைச் சிமுலேட்டரில் உட்காரவைத்துவிட்டு நான் அறைக்கு வெளியே போய் நின்றேன். அவர் விரும்பிய அளவுக்கு வண்டியை ஆஃப் செய்துகொள்ளட்டும் என்றுதான். பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை, எரிய கிளட்ச் பிளேட் இல்லை, பார்க்க நானும் இல்லை. வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. அடுத்த வகுப்பில் நிஜ வண்டி ஆஃப் ஆனபோது, அவராகவே நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, ஒன்றும் பேசாமல் கிளம்பினார். இந்த ஒரு காரியத்துக்காகவே அந்த இயந்திரம் போட்ட பணத்துக்குத் தகும் என்று நினைக்கிறேன்.

கால் பழக்கமும் அப்படித்தான். வலதிலிருந்து இடமாக ஏ, பி, சி என்று எல்லா ஸ்கூலிலும் சொல்லிக்கொடுப்போம்: ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச். வலதுகாலுக்கு முதல் இரண்டு, இடதுகாலுக்குக் கிளட்ச் மட்டும். சொல்லும்போது ஒரு நிமிடம், காலுக்கு ஏற ஒரு வாரம். பல ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இன்னும் கஷ்டம். அவசரத்தில் அவர்கள் விரல்கள்தான் முதலில் வேலை செய்யும். பிரேக் லீவரைப் பிடிப்பதாக நினைத்து ஸ்டீயரிங்கை நெரிப்பார்கள், கால் பெடலை விட்டு எழும்பிவிடும். இதைச் சாலையில் மாற்றுவது ஆபத்து. திரைக்கு முன்னால் மாற்றலாம். விமானிகள் இந்த வழியை எப்போதோ கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-லேயே பறக்காத விமானம் ஒன்றைச் செய்தார். அவர் குடும்பத் தொழில் ஆர்கன் வாத்தியம் செய்வது. அதே துருத்திகளை வைத்து அந்தப் பெட்டியைச் சாய்க்கவும் திருப்பவும் வைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எண்ணற்ற விமானிகள் அதில் உட்கார்ந்துதான் மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகினார்கள்.

லிங்க் தன் பெட்டியைச் சாய்த்ததற்குக் காரணம் இருக்கிறது. உடம்புக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஸ்கூல் சிமுலேட்டர் சாயாது. பிரேக் போட்டால் திரையில் சாலை நிற்கும், முதுகு முன்னால் வராது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "நீ நகரவே இல்லை" என்கிறது, கண் "ஓடுகிறாய்" என்கிறது. இந்த முரணில் சிலருக்குத் தலை சுற்றி வாந்தி வரும். அப்படிப்பட்டவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. வராதவர்களுக்கு வேறொரு கெடுதல்: வேகம் உறைக்காது. நம் பக்கவாட்டுப் பார்வையில் சுவரும் மரமும் பின்னோக்கி ஓடும் வேகத்தை வைத்துத்தான் நாம் வேகத்தைப் பெரும்பாலும் உணர்கிறோம். திரை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதன் ஓரம் அறைச் சுவரில் முடிந்துவிடுகிறது. திரையில் 40-ல் போகிறவருக்கு ஊர்ந்து போவதாகத் தோன்றும். நிஜத்தில் 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே மூன்று வேகன்ஆர் நீளம் கடந்தாகிவிட்டது. இதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. ஒரு காலை வேளையில், ஆளில்லாத உள்தெருவில், 20-லும் 30-லும் நானே என் பிரேக்கை அழுத்தி நிறுத்திக் காட்டுவேன். பெல்ட் மார்பில் இழுக்கும் அந்த இழுப்புதான் பாடம்.

கிளட்ச்சும் உடம்புச் சங்கதியே. சிமுலேட்டரின் கிளட்ச் ஒரு ஸ்பிரிங். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரிதான். நிஜ கிளட்ச்சில் ஓர் இடம் உண்டு. காலை மெல்ல விடும்போது எஞ்சின் சத்தம் ஒரு பிடி இறங்கும், பானெட் ஒரு விரல் உயரும், சீட்டுக்கடியில் நடுக்கம் வரும். அங்கே காலை நிறுத்து என்பதுதான் ஹாஃப் கிளட்ச். "பால் பொங்கறதுக்கு முன்னாடி ஒரு அசைவு தெரியும் இல்லையா, அப்பவே அடுப்பைக் குறைப்பீங்களே, அந்த மாதிரி" என்பேன். புரிந்துவிடும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே, கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டு, நடக்கும் வேகத்தில் வண்டியை நகர்த்த முதலில் கற்றுக்கொடுக்கிறேன். மாலை ஆறு மணி ஆற்காடு சாலையில் பாதித் தூரம் அப்படித்தான் போயாக வேண்டும். கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் முட்டுகிற தூரத்தில் பைக் நிற்கும்போது, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அந்த நடுக்கத்தைக் காலால் தேடி, கண்டுபிடித்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவது எந்தத் திரையும் தராத பயிற்சி.

இடதுபக்க ஜட்ஜ்மெண்ட் இன்னொன்று. நாம் உட்கார்ந்திருப்பது வலதுபக்கம். வண்டியின் இடது ஓரம் கண்ணுக்குத் தெரியாது. இடதுபக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது புதிதாக ஓட்டுகிறவர்களுக்குப் பிடிபடாது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, "இறங்கிப் போய் இடது டயரைப் பாருங்க" என்பேன். ஒரு முழம் என்று நினைத்த இடத்தில் நாலு விரல் இருக்கும், அல்லது கைக்கெட்டாத தூரம் இருக்கும். மறுபடி ஏறி, வைப்பர் எந்த இடத்தில் நடைபாதை ஓரத்தைத் தொடுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். இறங்கிப் பார்ப்பது, ஏறி உட்காருவது. இதைச் செய்யச் செய்யத்தான் வண்டி உடம்போடு ஒட்டும்.

இதெல்லாம் இயந்திரத்தின் குறை என்று சொல்லிக் கடந்துவிடலாம். பெரிய திரை, அசையும் சீட், நல்ல பெடல் என்று நாளை சரியாகிவிடும். சரியாகாதது என்று நான் நினைப்பது வேறு.

வடபழனி சிக்னலில் வலதுபக்கம் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஓர் ஆட்டோ. அவர் இண்டிகேட்டர் போடவில்லை. என்னிடம் படிக்கிறவர் இண்டிகேட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் சிமுலேட்டரில் திரும்புகிற வண்டி எல்லாம் இண்டிகேட்டர் போடும். "முன் சக்கரத்தைப் பாருங்க" என்பேன். ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம். ஓட்டுநர் மனதில் நினைத்தவுடன் அது திரும்பியிருக்கும், வண்டி அதற்குப் பிறகுதான் திரும்பும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் எம்.டி.சி. பஸ்ஸும் அப்படித்தான்: வலது முன் டயர் வெளியே திரும்பிவிட்டால் அது கிளம்பிவிட்டது, நீங்கள் ஹாரன் அடிப்பதில் பயனில்லை. பைக் ஓட்டுகிறவருக்குத் தோள். வலதுபக்கம் வெட்டப்போகிறவர் அரை நொடி முன்னால் தோளைச் சாய்ப்பார், அல்லது ஹெல்மெட் லேசாகத் திரும்பும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டினால் அதுதான் அந்த வண்டியின் இண்டிகேட்டர். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகிறவருக்கு ஹாரன் கேட்காது. அவரிடமிருந்து விலகுவது உங்கள் பொறுப்பு.

சாலையைக் கடக்கிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு வகுப்பு எடுப்பேன். நம் ஊரில் பாதசாரி கையைக் காட்டிவிட்டு இறங்குகிறார். அவர் காரைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறார். நீங்கள் பார்த்துவிட்டீர்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அப்போது திடீரென்று பிரேக் அடித்தால் அவரும் குழம்பி நடுவில் நிற்பார், பின்னால் வரும் பைக் உங்களை இடதுபக்கமாகத் தாண்டி நேராக அவர்மேல் போகும். தூரத்திலேயே காலை எடுத்து, வேகம் சீராகக் குறைவது அவருக்குத் தெரியும்படி வர வேண்டும். அப்படி வந்தால் அவர் தன் நடையை அதற்கேற்ப வைத்துக்கொள்வார். நீங்கள் நிற்கவே தேவையிருக்காது. இரண்டு பேரும் பேசாமலே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறீர்கள். ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்குள் இப்படி எத்தனையோ ஒப்பந்தங்கள். திரையில் சாலையைக் கடக்கும் உருவம் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் குறிப்பிட்ட தூரத்துக்கு வந்ததும் அது இறங்கும், அவ்வளவுதான்.

ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் படித்தார். சிமுலேட்டரில் மற்ற வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்று அவரிடம் கேட்டேன். பெரும்பாலும் ஒவ்வொரு வண்டியும் தன் தடத்தில் இருக்கும், முன்னால் போவதைப் பின்தொடரும், இடைவெளி கிடைத்தால் தடம் மாறும், அதுதான் அடிப்படை என்றார். போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்தும் மாதிரிகளில் ஒன்று ஜெர்மனியில் வீடமான் என்பவர் 1974-ல் அமைத்ததாம். முன்வண்டி நெருங்குவதை ஓட்டுநர் எந்தக் கட்டத்தில் உணர்கிறார், அப்போது என்ன செய்கிறார் என்பது அதன் மையம். நல்ல சிந்தனைதான். ஆனால் அது முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி என்று வரிசையாகப் போகும் ஊருக்கு எழுதியது. இங்கே ஒரு தடத்தின் அகலத்தில் ஒரு கார், இரண்டு பைக், ஓரமாகத் தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி. சிக்னலில் நிற்கும்போது பைக்குகள் கார்களின் இடுக்கு வழியாகக் கசிந்து முன்னால் வந்து சேர்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களில் இந்தத் தடமில்லாத கலப்புப் போக்குவரத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அந்த ஆராய்ச்சி டிரைவிங் ஸ்கூல் திரைவரைக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் கசிவு ஏன் முக்கியம் என்றால், சிமுலேட்டரில் பழகி வருகிறவர்களுக்கு அதுதான் முதல் கோபம். முன்வண்டிக்கும் தனக்கும் நடுவில் விட்ட இடைவெளியைத் தன்னுடையது என்று நினைப்பார்கள். ஒரு பைக் அதில் நுழைந்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்து, அடுத்த தடவை முன்வண்டியை ஒட்டிப் போவார்கள். "அந்த இடம் உங்க பிரேக்குக்காக விட்டது. யார் வந்தாலும் மறுபடி விடுங்க" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்கிறேன். நாள் பூராவும் விட்டுக்கொண்டே போனாலும் வீடு போய்ச் சேர அதிகம் ஆகப்போவது சில நிமிடங்கள்தான். ஹாரனையும் இதோடு சேர்த்தே சொல்லிக்கொடுப்பேன். சின்னதாக ஒன்று அடித்தால் நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். நீளமாக அடித்தால் சண்டை. எதிர்வண்டி ஹெட்லைட்டைப் பளிச்சென்று காட்டினால், இந்த ஊரில் அது வழி விடுவதாகாது. அவர் வருகிறார், நீங்கள் நில்லுங்கள்.

பிறகு, சாலையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து ஆற்காடு சாலையில் தடுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. நேற்று யு டர்ன் இருந்த இடத்தில் இன்று தகரம். பழைய பழக்கத்தில் ஓட்டியவர் அங்கே திண்டாடினார். கண்ணால் ஓட்டியவர் சமாளித்தார். அந்த ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்கள் எந்தச் சாலையிலும் நிதானமாக ஓட்டுவதைப் பார்க்கிறேன்.

கண்ணைப் பழக்க நான் செய்வது எளிய வேலை. முதல் வகுப்புகளில் படிக்கிறவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து நான் ஓட்டுவேன். அவர் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இடது பக்கம் ஸ்கூல் வேன், கதவு திறக்குது. அங்க ஒரு தாத்தா, கை காட்டப்போறார். முன்னாடி பைக்ல குழந்தை." ஆரம்பத்தில் கடைப் பலகைகளையும் பெரிய வண்டிகளையும்தான் சொல்வார்கள். நாளாக ஆக, நடக்கப்போவதைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்த மாற்றம் வந்த பிறகுதான் சாவியைக் கொடுக்கிறேன். பிரிட்டனில் 2002 முதல் லைசென்ஸ் தேர்வில் இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். வீடியோவில் சாலை ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்குவதைக் கண்டதும் அழுத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறாரோ அவ்வளவு மதிப்பெண். சிமுலேட்டரை இப்படிப் பயன்படுத்தலாமே என்பதுதான் என் வாதம். வடபழனியிலும் பாடியிலும் பனகல் பார்க்கிலும் எடுத்த நிஜக் காட்சிகளை அந்தத் திரையில் ஓடவிடுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் கண்ணை மட்டும் வேலை வாங்குங்கள்.

இரவுக்கும் மழைக்கும் சிமுலேட்டர் வேண்டும் என்றே சொல்வேன். கோடையில் படிக்க வருகிறவருக்கு மழையைக் காட்ட என்னால் முடியாது. முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். எதிர்வெளிச்சம் ஈரத்தில் பட்டுக் கோடுகள் எல்லாம் மறையும். அதைத் திரையில் ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஆனால் சாலை நேரத்தைக் குறைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. சொந்தக் கார் போன்ற வண்டிகளுக்கு 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும் என்று 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 2021-ல் வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதியில் 29 மணி நேரம், அதில் 21 மணி செய்முறை. சிமுலேட்டரும் தனி ஓட்டப் பாதையும் கட்டாயம். இரண்டாவது திட்டம் நல்லது, நிறைய ஊர்களுக்கு வர வேண்டும். பத்து மணி நேரத்தில் ஒருவரை இந்த நகரத்துக்குள் அனுப்பும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்தப் பத்திலும் இரண்டு மணியைத் திரைக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

கடைசியாக ஒன்று. எந்தச் சிமுலேட்டரும் குடும்பத்தை ஏற்றிக்கொள்வதில்லை. என்னிடம் படிக்கிறவர்கள் ஓட்டப்போவது குடும்பக் கார். பின்சீட்டில் பிள்ளைகள் சண்டை போடுவார்கள், மாமியார் ஏசி குளிர்கிறது என்பார், பக்கத்தில் கணவர் "பிரேக், பிரேக்" என்று தன் காலால் தரையை அழுத்துவார். ஆல்டோ மாதிரி வண்டியின் எடை 700 கிலோ சொச்சம். நாலு பேர் ஏறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மேம்பால ஏற்றத்தில் ஏசியோடு இரண்டாவது கியர் இழுக்காது, பிரேக்குக்கு இன்னும் கொஞ்சம் தூரம் வேண்டும். இதைத் தனியாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட எனக்கு விருப்பமில்லை. அதனால் கடைசி வகுப்புகளுக்கு வீட்டு ஆட்களைக் கூட்டிவரச் சொல்கிறேன். எல்லோரையும் பின்சீட்டில் ஏற்றி, கூட்டம் உள்ள மாலை நேரத்தில் உஸ்மான் ரோடு பக்கம் கிளம்புவோம்.

அந்த ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டுக்காரர் கோடம்பாக்கத்திலிருந்தே பேச ஆரம்பித்தார். லெஃப்ட்ல போ, அவனை விடு, ஹாரன் அடி. நான் திரும்பி அவரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா உள்கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்து, "என்னங்க, கொஞ்ச நேரம் பேசாம வாங்க. அந்த ஆட்டோக்காரர் என்ன பண்ணப்போறார்னு நான் பார்க்கணும்" என்றார். பிறகு இரண்டாவது கியரைப் போட்டார்.